வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

பிரிட்டன் மருத்துவமனைகளுக்கு வேலைக்கு வரும் தமிழ் நர்ஸுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

ஓஇடியோ ஐஇஎல்டிஎஸ்ஸோ எழுதி, வேண்டிய மார்க்கை வாங்கி, இங்கே வந்து ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வும் முடித்து, நர்ஸாகப் பதிவான 'பின்' நம்பரும் கைக்கு வந்துவிட்டது. நல்லது. இனி வார்டில் நிற்கும்போது ஒரு விசித்திரம் நடக்கும். நோயாளி சொல்வதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சொல்லாகவே இருக்கும். ஆனால் வாக்கியம் முடியவேண்டிய இடத்தில் முடியாது. 'லைக்', 'அண்ட் தட்', 'தோ', 'இன்னிட்', 'ஆர் சம்திங்' என்று எதையாவது இழுத்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள். கோச்சிங் வகுப்பில் இதையெல்லாம் 'ஃபில்லர்' என்று சொல்லியிருப்பார்கள். அர்த்தமில்லாத ஒட்டு, காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு நேர்மாறாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊர் ஆட்கள், அதிலும் வயதானவர்கள், முக்கியமான சங்கதியை வாக்கியத்தின் வாலில்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்பாதியில் இருப்பது செய்தி. சொல்லாமல் விட்டது எவ்வளவு, சொன்னதில் எவ்வளவு நிச்சயம், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதெல்லாம் கடைசி இரண்டு சொல்லில் இருக்கிறது.

ஒரு காலை அட்மிஷனைச் சொல்கிறேன். எண்பதை நெருங்கிய அம்மா ஒருவர். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, 'ஐவ் பீன் எ பிட் டிஸ்ஸி அண்ட் தட்' என்றார். புதிதாக வந்திருந்த நம் பெண் ஃபார்மில் 'டிஸ்ஸி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பக்கத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த ஹெல்த்கேர் அசிஸ்டென்ட், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், தலையணை உறையை மாட்டிக்கொண்டே 'அண்ட் வாட், லவ்?' என்றாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. ராத்திரி பாத்ரூமில் விழுந்திருக்கிறார். வாஷ்பேசினில் தலை இடித்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். ஸ்கேனுக்கு அனுப்புவதா என்று டாக்டர் உடனே முடிவு செய்யவேண்டிய விஷயம், 'அண்ட் தட்' என்ற இரண்டு சொல்லுக்குள் இருந்தது.

நம் ஊரில் ஒரு பாட்டி 'காய்ச்சல் கீய்ச்சல்னு ஒரே பாடும்மா' என்று சொன்னால், கேட்கிறவர் வாய் தானாகவே 'வேற என்ன பண்ணுது பாட்டி?' என்று கேட்டுவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது. அந்தக் காதுதான் ஆங்கிலத்துக்கும் வேண்டும்.

மேரியான் ஓவர்ஸ்ட்ரீட் என்ற மொழியியலாளர் இந்த மாதிரி வால்களைப் பற்றி மட்டுமே 1999இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 'அண்ட் ஸ்டஃப்', 'ஆர் சம்திங்' என்று முடிப்பவர், 'மிச்சத்தை நீயே நிரப்பிக்கொள், நாம் இரண்டு பேரும் ஒரே உலகத்து ஆட்கள்தானே' என்று சொல்லாமல் சொல்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். நமக்குச் சிக்கல் அங்கேதான். பிறந்தது தேனியில், வேலை யார்க்ஷயரில். அந்த அம்மாவின் உலகம் நமக்குத் தெரியாது. அதனால் நாமாக நிரப்பக் கூடாது, கேட்டுத்தான் நிரப்பவேண்டும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்த வால்கள் மாறவும் செய்யும். மொழியியலாளர் ஜென்னி செஷயர், ரெடிங், மில்டன் கீன்ஸ், ஹல் ஆகிய மூன்று ஊர்களின் பதின்வயதுப் பிள்ளைகள் பேச்சை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் 'அண்ட் தட்' அதிகம் சொல்வதையும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் 'அண்ட் ஸ்டஃப்' பக்கம் சாய்வதையும் காட்டியிருக்கிறார். ஆகவே 'அண்ட் தட்' என்று முடிப்பவரைப் படிக்காதவர் என்றோ குழம்பிப்போனவர் என்றோ நினைத்துவிடாதீர்கள். அது அவர் வீட்டுப் பேச்சு.

எப்படித் திருப்பிக் கேட்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'எனிதிங் எல்ஸ்?' என்று கேட்டால் பெரும்பாலும் 'நோ, தட்ஸ் இட், லவ்' என்றுதான் பதில் வரும். ஆய்வாளர் ஜான் ஹெரிட்டேஜும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. 'எனிதிங்' என்று கேட்ட மருத்துவர்களுக்கும் கேட்காமலே விட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'சம்திங் எல்ஸ்' என்று கேட்டபோதுதான் நோயாளிகள் மனதில் வைத்திருந்த மற்றக் குறைகள் வெளியே வந்தன. ஒரே ஒரு சொல் மாற்றம், கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

'ஆர் சம்திங்' என்பது வேறு ரகம். அது நிச்சயமின்மை. 'ஐ டேக் எ வாட்டர் டேப்லெட் ஆர் சம்திங்' என்றால் அவருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது, நீர் பிரியக் கொடுத்தது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். அதை அப்படியே மருந்துப் பட்டியலில் ஏற்றாதீர்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மகளுக்கு ஃபோன் போடுங்கள். 'ஆர் வாட்எவர்' என்று முடித்தால் இன்னொரு படி: எனக்கு அதில் அக்கறை இல்லை, நீயே பார்த்துக்கொள். மாத்திரை விஷயத்தில் ஒருவர் 'வாட்எவர்' சொல்கிறார் என்றால் அவர் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும். பல முறை அந்தச் சந்தேகம் சரியாகவே இருந்திருக்கிறது.

இன்னும் சிலர் வாலைக் கூட முழுதாகக் காட்டமாட்டார்கள். 'ஸோ...' என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். 'மை டாட்டர்ஸ் கமிங் அட் ஃபோர், ஸோ...' நீங்கள் மிச்சம் வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. மகள் நாலு மணிக்கு வருகிறாள், அதற்குள் என்னைக் குளிப்பாட்டி, இந்த கவுனை மாற்றி, மனுஷியாக்கி உட்கார வை என்பதுதான் மிச்சம். வாய்விட்டுக் கேட்பது இவர்களுக்குக் கூச்சம். 'டு யூ வான்ட் மீ டு வெய்ட் ஹியர், ஆர்...' என்று ஒரு கணவர் கேட்டால், அந்த 'ஆர்'க்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். போகச் சொன்னால் போய்விடுகிறேன், உன் மனம் கோணாமல் மறுக்க வழி விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். நம்மவர்களும் 'மழை வர்ற மாதிரி இருக்கு, அதான்...' என்று நிறுத்துகிறவர்கள்தானே.

இனி இந்த மடலை எழுதவைத்த காரணத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சக நர்ஸ் நோயாளியிடம் கேட்கிறார்: 'யூ ஹேவன்ட் ஹேட் எனிதிங் டு ஈட், ஹேவ் யூ?' எதுவும் சாப்பிடவில்லைதானே? நோயாளி நம் ஊர்க்காரர், வந்து நாற்பது வருடம் ஆனவர். 'யெஸ்' என்கிறார். அவர் மனதில் ஓடியது 'ஆமா, சாப்பிடல'. தமிழில் 'ஆமா' என்பது கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் 'யெஸ்' போனால் கூடவே 'ஐ ஹேவ்' போகும், 'நோ' போனால் 'ஐ ஹேவன்ட்' போகும். கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பது அங்கே கணக்கில்லை. ஆக அவர் 'சாப்பிட்டேன்' என்று சொன்னதாக ஆகிறது. இந்தப் பக்கம் தவறினால் ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவோடு போகும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் 'இல்லை, நீங்கள் நினைப்பது தப்பு' என்ற அர்த்தத்தில் 'நோ' என்கிறார். கேட்டவர் நிம்மதியாக டிக் போட்டுவிடுவார். மயக்கம் கொடுத்தபின் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பது சும்மா இல்லை.

இது நோயாளிகளுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 'யூ டின்ட் கிவ் ஹிம் த டென் ஓ க்ளாக் டோஸ், டிட் யூ?' என்று ராத்திரி ஹேண்டோவரில் ஒருவர் உங்களைக் கேட்பார். களைப்பில் தாய்மொழி முந்திக்கொள்ளும், 'யெஸ்' என்றுவிடுவீர்கள். கொடுக்காத மருந்து கொடுத்ததாகிவிடும். எனவே ஒரே பழக்கம்: தனி 'யெஸ்', தனி 'நோ' என்று எதற்கும் பதில் சொல்லாதீர்கள். 'நோ, ஐ ஹேவன்ட் கிவன் இட்' என்று முழுசாகச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் நீட்டுவது போல முதலில் இருக்கும். இருக்கட்டும்.

நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தால், ஆபத்தான விஷயத்துக்கு வால் வைத்துக் கேட்கவே வேண்டாம். 'யூ ஆர் மிஸஸ் இன்னார், ஆர்ன்ட் யூ?' என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத அம்மா மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லவேண்டும் என்று இங்கே விதி இருப்பது இதனால்தான். அலர்ஜியும் அப்படியே. 'நோ அலர்ஜீஸ், நோ?' என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த வாக்கியத்துக்கு எந்தப் பதில் வந்தாலும் உங்களுக்கு ஒன்றும் தெரிந்துவிடப் போவதில்லை. எதற்கு அலர்ஜி, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று திறந்து கேளுங்கள்.

வால் வைத்த கேள்வி எல்லாம் கேள்வியும் இல்லை. ராகம் பார்க்கவேண்டும். 'யூ ஆர் நியூ ஹியர், ஆர்ன்ட் யூ?' என்று கடைசியில் குரல் இறங்கினால் அவருக்குத் தெரியும், பேச்சைத் தொடங்குகிறார். குரல் ஏறினால்தான் உண்மையாகவே கேட்கிறார். சிஸ்டர் 'பாப் தட் பெட் டவுன், வில் யூ?' என்றால் அது உத்தரவு. 'ஷல் வி?' என்று முடித்தாலும் உத்தரவுதான், சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமாக வாக்கியம் ஆமாமென்றால் வால் இல்லையென்று இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் நின்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'ஓ, இட்ஸ் யுவர் பிரேக், இஸ் இட்?' இதில் 'இஸ்ன்ட்' இல்லை, 'இஸ்' இருக்கிறது. மூன்று பெல் அடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் டீ கப்போடு நிற்பதை ஒருவர் பார்த்துவிட்டார் என்று பொருள். எல்லா நேரமும் குத்தல் என்று இல்லை. 'யூ ஆர் ஃப்ரம் மெட்ராஸ், ஆர் யூ?' என்பது வெறும் ஆர்வம். முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதைவிடக் கடுமையான ஒன்றை ஜான் அல்ஜியோ என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களின் கடைசியில் எடுத்துக்காட்டினார். பிரிட்டிஷ்காரர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடியது. வலி எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள். 'வெல், ஐ வாஸ் அஸ்லீப், வாஸ்ன்ட் ஐ?' என்று பதில் வருகிறது. நான் தூங்கிக்கொண்டிருந்தேனா இல்லையா என்று உங்களிடமே கேட்பது போல இருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்? அது கேள்வியல்ல. தூங்கிக்கொண்டிருந்தவனிடம் மணி கேட்கிறாயே என்ற எரிச்சல். வலியில் இருக்கிறவர் பேசுவது; மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எரிச்சல் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும். தெரியாமல் 'யெஸ், யூ வேர்' என்று சிரித்தால் அன்றைய பொழுது வீண்.

பெண்கள் வால் வைத்துப் பேசுவது தன்னம்பிக்கைக் குறைவு, அதை விட்டொழியுங்கள் என்று பயிற்சிக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பி, கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்த கருத்து. நியூசிலாந்து மொழியியலாளர் ஜேனட் ஹோம்ஸ் பிறகு பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, பெண்கள் வைக்கும் வால்களில் பெரும்பங்கு சந்தேகத்துக்காக வைத்ததல்ல, எதிரில் இருப்பவரைப் பேச்சுக்குள் இழுக்க வைத்தது என்று தெரிந்தது. வார்டில் நல்ல நர்ஸுகள் செய்வதும் அதையே. 'யூ ஹேட் எ ரஃப் நைட், டின்ட் யூ?' என்று ஒன்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள். மிச்சத்தை அவர் சொல்லிவிடுவார்.

ஊர்வாரியாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நியூகாசில் பக்கம் போனால் வாக்கியம் 'லைக்' என்று முடியும். 'இட்ஸ் சோர், லைக்.' எது மாதிரி என்று கேட்காதீர்கள், எதுமாதிரியும் இல்லை. கிளாஸ்கோவிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 'பட்' என்று முடிப்பவர்கள் உண்டு. இது நம்மைப் பாடாய்ப் படுத்தும். 'இட்ஸ் சோர். ஐ கேன் ஸ்லீப், பட்.' ஆனால் என்ன, ஆனால் என்ன என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அவர் பேசி முடித்து ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். மற்ற இடங்களில் 'தோ' என்று கடைசியில் வருகிறதே, அதுதான் இது: வலிக்கிறது, ஆனாலும் தூக்கம் வருவது என்னவோ உண்மை. ஆஸ்திரேலியாவிலும் இந்த 'பட்' இருக்கிறது. வலி எவ்வளவு என்று எடைபோட இந்தச் சின்னச் சொல் உதவும், ஏனென்றால் அது இரண்டு வாக்கியத்தையும் தராசில் ஏற்றுகிறது.

பெல்ஃபாஸ்டில் 'ஐம் ஸ்டார்விங், ஸோ ஐ ஆம்' என்பார்கள். சொன்னதையே திரும்பச் சொல்லி ஆணி அடிப்பது. வேறு அர்த்தம் தேட வேண்டாம். லண்டன் பிள்ளைகள் எதற்கும் 'இன்னிட்' என்பார்கள். நான், நீ, அவர்கள், நேற்று, நாளை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. நாம் 'யூ ஆர் கமிங் டுமாரோ, இஸ்ன்ட் இட்?' என்று பேசினால் இலக்கணப் பிழை என்று வாத்தியார் பிரம்பை எடுத்தார். அதே தப்பை லண்டன்காரன் செய்தால் அதை ஆராய்ச்சி செய்கிறார்கள். வேல்ஸிலும் அந்த 'இஸ்ன்ட் இட்' பழக்கம் பழையது என்பது நமக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இளம் ஆஸ்திரேலிய டாக்டர்கள் வருவார்கள். சாதாரண வாக்கியத்தையே கேள்வி மாதிரி குரலை ஏற்றி முடிப்பார்கள். 'ஐம் த நியூ ரெஜிஸ்ட்ரார்?' என்றால் அவருக்கு அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாயா என்று பார்க்கிறார். 1993இல் ஒரு நியூயார்க் பத்திரிகைக் கட்டுரை இதற்கு 'அப்டாக்' என்று பெயர் வைத்தது. இப்போது இங்கேயும் பரவலாகிவிட்டது. தலையாட்டினால் போதும்.

கடைசியில் ஒட்டும் விளிச்சொற்களையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தம்பிகள் பயந்துபோவார்கள். யார்க்ஷயரில் எழுபது வயதுத் தாத்தா உங்களை 'லவ்' என்பார். நாட்டிங்ஹாம், ஸ்டோக் பக்கம் 'டக்', நியூகாசிலில் 'பெட்', கிளாஸ்கோவில் பெண்களுக்கு 'ஹென்'. வாத்தும் இல்லை, கோழியும் இல்லை. நம் 'கண்ணு', 'ராசா' போலத்தான். திருப்பிச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நாமும் அப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், முதல் வருஷம் வேண்டாம். வந்து இறங்கி மூன்றாம் வாரம் 'இன்னிட்' போடுகிறவரைப் பார்த்தால் இங்கத்தியவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள், உள்ளே சிரித்துக்கொள்வார்கள். ஒருநாள் உங்களை அறியாமல் 'லைக்' வந்து விழும். அதுவரை காது மட்டும் வேலை செய்யட்டும்.

எழுதும்போதும் வாலை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்கும் நியூஸ் டூ அட்டவணை மூச்சு, ஆக்ஸிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல் என்று ஆறைத்தான் அளக்கிறது. வலிக்கு அதில் கட்டமே இல்லை. 'நாட் டூ பேட், கன்சிடரிங்' என்று ஒருவர் சொன்னால் நோட்ஸில் 'நோ பெயின்' என்று எழுதிவிடாதீர்கள். 'கன்சிடரிங்' என்றால் இந்த நிலைமையில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க என்பது, வலி இருக்கிறது. அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, நீங்கள் என்ன திருப்பிக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் கீழே எழுதுங்கள்.

பழகுவதற்கு வழி கேட்டால், பரீட்சைக்கு விற்கும் ஆடியோவை ஓரமாக வையுங்கள். அதில் எல்லாரும் வாக்கியத்தை ஒழுங்காக முடித்துவிடுகிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பதிப்பகமும் சேர்ந்து பிரிட்டிஷ் மக்கள் வீட்டில் பேசிய பேச்சைத் திரட்டி, 1 கோடியே 15 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பாக 2017இல் வெளியிட்டார்கள். பயிற்சி நடத்துகிறவர்கள் அதைப் புரட்டினாலே பாடம் மாறிவிடும். பிபிசி ரேடியோவின் 'த லிசனிங் ப்ராஜெக்ட்' 2012இல் தொடங்கியது. அண்ணன் தங்கை, கணவன் மனைவி, நண்பர்கள் என்று இரண்டு பேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதைப் பதிவு செய்தது. அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதற்குப் பொறுமை இல்லையென்றால் சீரியல் பாருங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆஃபர் லெட்டரில் எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். மான்செஸ்டர் பக்கம் என்றால் 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'கரனேஷன் ஸ்ட்ரீட்'. லண்டன் என்றால் 'ஈஸ்ட்எண்டர்ஸ்'. வட அயர்லாந்து என்றால் 'டெர்ரி கேர்ள்ஸ்'. அந்தப் பிள்ளைகள் பேசும் வேகத்துக்கு முதல் இரண்டு எபிசோடுக்கு சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

அன்புடன்,
வட இங்கிலாந்து வார்டு ஒன்றிலிருந்து
உங்கள் அக்கா